தொட்ட குதிரை

அத்தியாயம் பதினான்கு

"இன்னைக்கு என்கூட நிஜமா விளையாடு."

நிரஞ்சலா இதைச் சொன்னபோது யுகேஷின் வாயில் பாதி ரொட்டி இருந்தது. மென்றுகொண்டிருந்த தாடை அப்படியே நின்றது. அடுப்படியில் அம்மா கட்டச் சம்பலைக் கோப்பையில் வழித்துக்கொண்டிருந்தாள். அவள் கையும் நின்றது. வாசலில் சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த அப்பா மூக்கையா மட்டும் பிரஷை நிறுத்தவில்லை. கொஞ்சம் வேகமாகத் தேய்த்தார், அவ்வளவுதான்.

அந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். புதுச் சட்டை கேட்கலாம், போனுக்கு டேட்டா கேட்கலாம், கம்பஸுக்குப் போகிறேன் என்று கேட்டுப் போய்ப் பட்டமும் வாங்கி வரலாம். தம்பியிடம் நிஜ ஆட்டம் கேட்கக் கூடாது. அது ஒன்றுதான் அவளுக்குச் சொல்லி வைக்கப்பட்டிருந்தது.

"கேட்டுச்சா இல்லையா?"

யுகேஷ் ரொட்டியை விழுங்கினான். "அப்பா, இவளப் பாருங்க."

இருபது வயதுப் பையன். மாகாணச் செஸ் போட்டியில் ஆறு சுற்றில் ஒருத்தரிடமும் தோற்காதவன். வீட்டில் ஒரு வார்த்தை வந்தால் மட்டும் 'அப்பா, இவளப் பாருங்க.'

"என்னா புள்ள, விடியக்காலையிலேயே ஆரம்பிச்சிட்டியா?" என்றார் மூக்கையா, சப்பாத்தைப் பார்த்தபடியே. "அதெல்லாம் பேசி முடிச்ச விஷயம். போனமா, வீட்டு ஆட்டத்த ஆடுனமா, வந்தமான்னு இரு."

"யாரு பேசி முடிச்சா? நான் பேசல."

"சாப்பிடு மொதல்ல" என்றாள் அம்மா. அந்த வீட்டில் எந்தச் சண்டைக்கும் அவளுடைய தீர்ப்பு அதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆறாவது சுற்று முடிந்து, கடைசிச் சுற்றுக்கான ஜோடிகளை மண்டபச் சுவரில் ஒட்டினார்கள். முதல் பலகையில் அக்காவும் தம்பியும். வெள்ளை நிரஞ்சலாவுக்கு, கறுப்பு யுகேஷுக்கு. அவனுக்கு அரைப் புள்ளி முன்னிலை. டிரோ ஆனால் அவன் சாம்பியன். அவள் ஜெயித்தால் அவள். மத்திய மாகாணத்திலிருந்து தேசிய இறுதிப் போட்டிக்குப் போக இடம் ஒன்றுதான். இரண்டாவதாக வருகிறவருக்கு ஒரு கப் கிடைக்கும், வீட்டுக்கு பஸ் கிடைக்கும்.

இதுவரை மூன்று தடவை நிரஞ்சலா அரைப் புள்ளியில் வெளியே நின்றிருக்கிறாள். அந்த அரை எங்கே போனது என்று பன்விலவில் உள்ள அந்த வீட்டில் யாரும் தேடவில்லை. எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும்.

கதை இதுதான். பள்ளிக்கூடக் காலத்தில் ஒரு போட்டியில் அக்கா தம்பியை அடித்தாள். தம்பி பலகையைத் தேயிலைக்குள் வீசிவிட்டு வந்து படுத்தான். சாப்பிடவில்லை, பள்ளிக்கூடம் போகவில்லை, செஸ் என்ற பேச்சையே எடுக்கவில்லை. மூக்கையா பயந்துபோனார். காரணம் இல்லாமல் இல்லை. அவர் கண்டியில் ஒரு பெரிய பாடசாலையில் மண்டபம் பார்க்கிறவர். கதிரை அடுக்குவது, கூட்டுவது, சாவி வைத்திருப்பது அவர் வேலை. அந்தப் பாடசாலையில் அவர் மகனுக்கு இடம் கொடுத்ததே பையன் செஸ் ஆடுகிறான் என்பதால்தான். 'நம்ம மூக்கையாவின் மகன்' என்று அதிபர் மேடையில் பெயர் சொன்ன அன்று மூக்கையா மேடைக்குப் பின்னால் நின்று, விளக்குமாற்றைப் பிடித்தபடி அழுதார்.

ஆகவே ஒரு ஏற்பாடு. இனி இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தால் டிரோ. ஆளுக்குப் பாதி, யாருக்கும் வலிக்காது.

ஆனால் போட்டியில் ஒரு விதி இருந்தது. முப்பது நகர்வு ஆடாமல் டிரோ பேசக் கூடாது. அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். ஒரே நிலை பலகையில் மூன்று தடவை வந்துவிட்டால், கேட்டவுடன் நடுவர் டிரோ கொடுத்தாக வேண்டும். பெர்லின் என்று ஒரு தொடக்கம் உண்டு. அதன் ஒரு கிளையில் வெள்ளை ராணி செக் சொல்லும், கறுப்பு ராணி குறுக்கே வந்து நிற்கும். வெள்ளை ராணி பழைய இடத்துக்குப் போகும், கறுப்பு ராணியும் போகும். மறுபடி செக், மறுபடி குறுக்கே. பத்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்து இருவரும் வெளியே வந்து ரோல்ஸ் சாப்பிடலாம். பார்க்கிறவர்களுக்கு விதி தெரிந்த இரண்டு கெட்டிக்காரப் பிள்ளைகள்.

அந்த வழியைப் புத்தகத்தில் தேடி எடுத்துக் கொடுத்தவள் நிரஞ்சலாதான். அவளுக்குப் பதினாறு வயது. அப்பா கேட்டார், கொடுத்தாள். இப்போது நினைத்தால் அவளுக்குச் சிரிப்புக்கூட வருவதில்லை.

*

பஸ் வத்தேகம தாண்டும்வரை யுகேஷ் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்திருந்தான். மடவளையில் ஒயரைக் கழற்றினான். அப்பா முன் சீட்டில், மடியில் மண்டபச் சாவிக் கொத்தோடு தூங்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா. சும்மாதானே சொன்ன?"

"இல்ல."

"நான் தோத்துட்டா என்னா செய்றது?"

"என்னைய மாதிரி வீட்டுல இரு."

"உனக்கென்னா, நீ கம்பஸ் முடிச்சிட்ட. கவர்மென்ட் அப்பாயின்ட்மென்ட் வரும்."

"வந்ததும் சொல்றேன். பட்டாசு வாங்கி வை."

பேராதனையில் கணிதம் படித்துப் பட்டம் வாங்கி வந்து, வத்தேகமவில் ஒரு கராஜுக்கு மேலே டியூஷன் நடத்துகிறாள். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள். அந்தப் பெருமையை அப்பா கல்யாண வீடுகளில் சொல்வார். வீட்டில் அது சோற்றுக்குக் கறியாகவில்லை.

 யுகேஷ் சிரித்தான். சின்ன வயதில் அவளுடைய பங்கு டொபியை எடுத்துக்கொண்டு சிரிக்கிற அதே சிரிப்பு. "நீ செய்ய மாட்ட அக்கா. உன்னால முடியாது. அப்பா மொகத்தப் பாத்தா கை தானா வீட்டு ஆட்டத்துக்குப் போயிரும்."

"யாரு கை எங்க போகுதுன்னு பாப்போம்."

அவன் மறுபடி ஒயரை மாட்டிக்கொண்டான். அவள் காலுக்கடியில் கிடந்த பையைக் கொஞ்சம் உள்ளே தள்ளினாள். ஒரு நாள் போட்டிக்குப் போகிறவள் கொண்டு வருகிற பை அல்ல அது. ஒருவரும் கவனிக்கவில்லை.

*

பாடசாலை மண்டப வாசலில் ஜஹானா நின்றாள். கம்பளைக்காரி, கம்பஸில் நிரஞ்சலாவோடு ஒரே அறையில் இருந்தவள், இப்போது பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை. குண்டசாலையில் ஒரு வீட்டின் அனெக்ஸை வாடகைக்கு எடுத்திருக்கிறாள். இரண்டு கட்டில், ஒரு ஆள். போன வாரம் அவள் கேட்ட கேள்விக்கு நிரஞ்சலா இன்னும் பதில் சொல்லவில்லை.

ஜஹானா பையைப் பார்த்தாள். "என்னடி, முடிவெடுத்திட்டியா?"

"இல்ல. சும்மா கொண்டு வந்தேன்."

"சும்மா ஒருத்தி அயர்ன் பொக்ஸையும் தூக்கிட்டு வருவாளா? வயர் வெளிய தொங்குது." குனிந்து வயரைப் பைக்குள் திணித்தாள். "சரி, விடு. கட்டில் எங்கயும் ஓடிராது. போய் அவன அடி. எங்க உம்மா காலையில போன் எடுத்து, அந்தப் புள்ளைக்கு துஆ கேட்டிருக்கேன்னு சொல்லச் சொன்னா."

உள்ளே மூக்கையா வெள்ளைச் சட்டையில் உத்தியோக அட்டை குத்திக்கொண்டு செஸ் மணிக்கூடுகளைப் பலகைகளுக்கு அருகே வைத்துக்கொண்டிருந்தார். போட்டி நாட்களில் அவர் உதவி ஆள். எந்த மணிக்கூடு பிந்தும், எந்த மேசை ஆடும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தலைமை நடுவர் நவரட்ணராஜா ஓய்வுபெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிக்கு வந்து முடி நரைத்தவர். மண்டபத்தில் எதைத் தொலைத்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "மூக்கையாவைக் கேளுங்கோ. அவர் பொய் சொல்லமாட்டார்."

மூக்கையாவின் சொத்து அந்த வாக்கியம்தான். அதைத் தினம் துடைத்துப் பத்திரமாக வைத்திருந்தார்.

முதல் பலகைக்கு மணிக்கூட்டை வைக்கும்போது அவர் மகளின் பக்கம் குனிந்தார்.

"நல்ல புள்ளையா இரு" என்றார். அவ்வளவுதான்.

*

மணிக்கூடு ஓடத் தொடங்கியது.

இருவரும் ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார்கள். குதிரை, குதிரை. நிரஞ்சலாவின் பிஷப் பலகையைக் குறுக்காகக் கடந்து யுகேஷின் குதிரைக்குப் பக்கத்தில் போய் நின்றது. யுகேஷ் இரண்டாவது குதிரையை வெளியே எடுத்தான். பெர்லின். அவள் கோட்டை கட்டினாள். அவன் குதிரை அவளுடைய சிப்பாயைத் தின்றது. அவள் நடுச் சிப்பாயைத் தள்ளினாள். அவன் குதிரை திரும்பி வந்து அவள் பிஷப்பை முறைத்தபடி நின்றது.

எத்தனையோ தடவை ஆடிய நகர்வுகள். யுகேஷ் பலகையைப் பார்க்கவேயில்லை. மூன்றாம் பலகையில் யார் ஆடுகிறார்கள் என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால், இரண்டு அடி தள்ளி, மூக்கையா ஒரு உபரி மணிக்கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

இதோ ஆறாவது நகர்வு. வீட்டு ஆட்டத்தில் இந்த இடத்தில் நிரஞ்சலாவின் சிப்பாய் அவன் சிப்பாயை வெட்டும். அதற்கு யுகேஷ், முறைத்து நிற்கிற அந்தக் குதிரையைத் தூக்கி அவள் பிஷப்பைத் தின்பான். பிறகு ராணிகளின் நடனம்.

நிரஞ்சலா சிப்பாயைத் தொடவில்லை. பிஷப்பை எடுத்தாள். அவனுடைய மற்றக் குதிரையை, முதலில் வெளியே வந்து அசையாமல் நின்ற குதிரையை, வெட்டி அந்த இடத்தில் பிஷப்பை வைத்தாள். எழுதினாள். மணிக்கூட்டை அமுக்கினாள். 

டக்கென்ற சத்தம் கேட்டதும் யுகேஷின் கை வந்தது. கண் இன்னும் மூன்றாம் பலகையில்தான். இத்தனை வருடப் பழக்கத்தில் கைக்குக் கண் தேவைப்படவில்லை. நேராக அந்த முறைத்து நின்ற குதிரைக்குப் போனது, தூக்கியது, பிஷப் இருந்த கட்டத்துக்கு மேலே கொண்டு போனது.

அங்கே பிஷப் இல்லை.

அப்போதுதான் பலகையைப் பார்த்தான்.

மூக்கையாவின் வாயிலிருந்து 'ச்' என்று ஒரு சத்தம் வந்தது. பல் இடுக்கில் காற்றுப் போகிற சின்னச் சத்தம். நிரஞ்சலா கேட்டாள்.

யுகேஷ் குதிரையைப் பழைய கட்டத்திலேயே வைத்தான். மெல்ல, யாரோ தூங்குகிறார்கள் என்பது போல. பிறகு பக்கத்துச் சிப்பாயை எடுத்து அவளுடைய பிஷப்பைத் தின்றான். அதுதான் சரியான பதில். புத்தகத்தில் உள்ளது. மணிக்கூட்டை அமுக்கினான்.

செஸ் தெரியாதவர்களுக்கும் இந்த ஒரு விதி தெரியும்: தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும். குதிரையைத் தொட்டவன் குதிரையைத்தான் நகர்த்த வேண்டும். நகர்த்தினால் அவள் பிஷப் தப்பிப் போகும், அவனுக்கு ஒரு காய் நட்டம், சும்மா நட்டம். ஆறாவது நகர்விலேயே ஆட்டம் முடிந்த மாதிரி.

வீட்டில் யுகேஷுக்கு மட்டும் தொட்டது கணக்கில்லை. எடுத்து வைக்கலாம், மாற்றி வைக்கலாம், 'கை பட்டுடுச்சு' என்றால் போதும். அக்காவுக்கு அந்தச் சலுகை கிடையாது, அவள் மூத்தவள். அந்தப் பழக்கத்தை அவன் மண்டபத்துக்கும் கொண்டு வந்திருந்தான்.

ஒரு கணம் நிரஞ்சலா சும்மா இருந்துவிடலாமா என்று யோசித்தாள். அவள் கேட்டது நிஜ ஆட்டம். கை தவறியவனைப் பிடித்து ஜெயிப்பது அல்ல. ஆனால் நிஜ ஆட்டத்தில் இருக்கிற முதல் விதியே இதுதானே? அதை விட்டுக் கொடுத்தால் இது மறுபடியும் வீட்டு ஆட்டம். வேறு பெயரில்.

மணிக்கூட்டை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினாள்.

"அக்கா" என்றான் யுகேஷ் தாழ்ந்த குரலில். "என்னா செய்ற?"

"நீ குதிரையத் தொட்ட."

"கை பட்டுடுச்சு."

"தூக்குன."

நவரட்ணராஜா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வந்தார். "என்ன பிரச்சினை, பிள்ளை?"

"குதிரையத் தூக்கிட்டு மறுபடி வச்சிட்டான் சேர். பிறகு சிப்பாய நகர்த்திட்டான்."

"யுகேஷ்?"

யுகேஷ் நடுவரைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தான். 'அப்பா, இவளப் பாருங்க' என்று சொல்லாமல் சொன்னான். பிறகு வாயைத் திறந்தான். "தொடல சேர்."

பக்கத்துப் பலகைகளில் தலைகள் திரும்பின. மழை பிடித்துவிட்டிருந்தது. மண்டபத்துத் தகரக் கூரையில் ஒரே சீரான சத்தம்.

"சரி" என்றார் நடுவர். திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. "மூக்கையா, நீங்கள் இதிலதானே நிண்டனீங்கள். கண்டனீங்களோ?"

மூக்கையா கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். அதைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார், பட்டரி போடுகிற இடத்தை. மகனைப் பார்க்கவில்லை. மகளையும் பார்க்கவில்லை.

"கவனிக்கலீங்க சேர். இந்த மணிக்கூடு ஓடுதான்னு பாத்துக்கிட்டு நின்னேன்."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"கவனிக்கலீங்க."

நவரட்ணராஜா தலையாட்டினார். மூக்கையா கவனிக்கவில்லை என்றால் கவனிக்கவில்லை. அதற்கு மேல் அவருக்குக் கேள்வி கிடையாது.

"அப்ப, பிள்ளை, நான் ஒண்டும் செய்யேலாது. சாட்சி இல்லை. சிப்பாய் நகர்வு நிக்கும். நீர் ஆட்டத்தைக் குழப்பினதுக்கு விதிப்படி யுகேஷுக்கு ரெண்டு நிமிசம் கூட்டுறன். தொடருங்கோ."

அவர் மணிக்கூட்டில் நேரத்தைக் கூட்டினார். அதற்கான பொத்தானை எப்படி அமுக்குவது என்று அவருக்கு மறந்துபோய், மூக்கையாவைக் கேட்டார். மூக்கையா வந்து அமுக்கிக் கொடுத்தார்.

நிரஞ்சலா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாலிஷ் கறுப்பு இன்னும் நகத்தில் இருந்தது.

வாசலில் ஜஹானா கேட்ட கேள்வி அவளுக்கு அப்போது ஞாபகம் வந்தது. கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. ஒரு கணக்கு முடிந்து, அடியில் இரண்டு கோடு போட்டது போல இருந்தது. பிறகு அடுத்த கணக்கு: அவளுடைய ஏழாவது நகர்வு.

*

அதன் பிறகு நடந்தது நிஜ ஆட்டம்.

ராணிகள் எட்டாவது நகர்விலேயே வெட்டுப்பட்டுப் போயின. அவளுடைய ராணி அவன் ராஜாவின் பக்கத்து வீட்டில் நுழைந்தது. அவன் ராஜாவாலேயே அதை வெட்ட வேண்டியிருந்தது. அதனால் அவனுக்குக் கோட்டை கட்ட வழியில்லை. ராஜா நடுவில் அம்மணமாக நின்றான். ஆனால் அவனுக்கு இரண்டு பிஷப்பும் இருந்தன. அவளுக்கு ராஜா பக்கத்தில் ஒரு சிப்பாய் அதிகம். இந்த மாதிரி ஆட்டத்தை ஆடுவது சர்க்கரைப் பாணி காய்ச்சிய தாச்சிச் சட்டியைச் சுரண்டுவது மாதிரி. அவசரப்பட்டால் நகம்தான் போகும்.

யுகேஷ் மூன்றாம் பலகையைத் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகு வளைந்து, இரண்டு கையும் தொடைக்கடியில் வைத்து, பலகைக்குள்ளேயே விழுந்து கிடந்தான். தெரியாமல் கை போய்விடக் கூடாது என்று கையின் மேலேயே உட்கார்ந்திருந்தான். காது மடல் சிவந்திருந்தது.

மற்றப் பலகைகள் ஒவ்வொன்றாக முடிந்தன. மழை விட்டது, மறுபடி பிடித்தது. மேசையைச் சுற்றி ஆட்கள் கூடினார்கள். மூக்கையா அந்தக் கூட்டத்தில் இல்லை. மண்டபத்தின் அந்தப் பக்கம் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கியதைப் பிரித்து மறுபடி அடுக்கினார்.

நிரஞ்சலா அவனுடைய ஒரு பிஷப்பை வாங்கிக் குதிரையைக் கொடுத்தாள். பிறகு ஒரு சிப்பாயைப் பிடித்தாள். நல்ல சிப்பாய், சுத்தமாகப் பிடித்தது. கூட்டத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். கடைசியில் பலகையில் மிச்சம் அவளுக்கு ராஜா, ஒரு ரூக், ஒரு சிப்பாய். அவனுக்கு ராஜா, ஒரு ரூக்.

அந்தச் சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தால் ராணி. தேசிய இறுதிப் போட்டி. போய்ச் சேரவிடாமல் தடுக்க ஒரே ஒரு வழி இருந்தது. ரூக்கைக் குறுக்கு வரிசையில் வைத்து அவள் ராஜாவை மேலே வரவிடாமல் காக்க வேண்டும். அவசரப்படக் கூடாது. சிப்பாய் ஒரு அடி எடுத்து வைத்தவுடன், அந்த நகர்விலேயே, ரூக்கைப் பின்பக்கம் கொண்டுபோய்ச் செக் மேல் செக் சொல்ல வேண்டும். ஒரு நகர்வு முந்தினாலும் பிந்தினாலும் தோல்வி.

யுகேஷ் ரூக்கைக் குறுக்கு வரிசையில் வைத்தான்.

அவள் ராஜாவை இப்படிக் கொண்டு போனாள், அப்படிக் கொண்டு போனாள். அவன் ரூக் அந்த வரிசையை விட்டு இறங்கவில்லை. அவள் சிப்பாயை ஒரு அடி தள்ளினாள். அவன் தொடைக்கடியிலிருந்து கையை எடுத்தான். ரூக்கைப் பிடித்தான். நேராகப் பின்பக்கம்.

செக்.

சரியாகத்தான் ஆடினான். அடுப்படிச் சிமெந்துத் தரையில் உட்கார்ந்து, மின்சாரம் இல்லாத ஒரு மாலையில், இதே நிலையை அவனுக்கு வைத்துக் காட்டியவள் அவள்தான். அப்போது இருபது தடவை தப்பாக ஆடினான். இருபத்தோராவது தடவை பிடித்துக்கொண்டான். 'ஐ, சிப்பாய் ஓட முடியல' என்று சிரித்தான்.

இன்று அவன் சிரிக்கவில்லை. செக். செக். செக்.

அவள் ராஜாவுக்கு ஒளிய இடமில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்க்கலாம். அவன் களைத்துப் போய்த் தவறு செய்வான் என்று காத்திருக்கலாம். ஆனால் இந்த ஆட்டத்தின் முடிவு என்னவென்று அவளுக்குத் தெரியும். தெரிந்த பிறகு நடிக்க அவளுக்கு விருப்பமில்லை. அந்த நடிப்பு வேண்டாமென்றுதானே காலையில் வாயைத் திறந்தாள்.

"டிரோ" என்றாள்.

யுகேஷ் தலையைத் தூக்கினான். அவன் கண் கலங்கியிருந்தது. "சரி" என்றான்.

கை குலுக்கினார்கள். அவன் உள்ளங்கை ஈரமாக, தொடையின் சூட்டோடு இருந்தது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். ஒரு பெரியவர், "அடே, உடன்பிறப்புங்க ஆடுன மாதிரியே இல்லையே" என்றார்.

நிரஞ்சலா ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டாள். அரை. அவளுக்கு அரை, அவனுக்கு அரை. சாம்பியன் யுகேஷ்.

*

மூக்கையா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முகத்தில் பயம் போய்க் களைப்பு வந்திருந்தது.

"பாத்தியா?" என்றார். "கடைசியில அதே அரைதானே. காலையில சொன்னபடி ஆடியிருந்தா பத்து நிமிசத்துல முடிஞ்சிருக்கும். இம்புட்டுப் பேருக்கு முன்னால தம்பியக் கேவலப்படுத்தி, நடுவரக் கூப்பிட்டு... என்னாத்தக் கண்ட?"

"நீங்க பாத்தீங்கப்பா."

"வீட்டுல பேசிக்கலாம்."

"'ச்'சுன்னீங்க. எனக்குக் கேட்டுச்சு."

மூக்கையா சுற்றும் முற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "ரெண்டும் என் புள்ளைக. நான் யாருக்குன்னு சாட்சி சொல்றது? சொல்லு. எந்தத் தகப்பன் சொல்லுவான்? அதான் சொல்லல."

"சொல்லலன்னு சொல்லாதீங்க. சொன்னீங்க. 'கவனிக்கலீங்க'ன்னு சொன்னீங்க. ரெண்டு தடவ."

 அவர் அட்டையைச் சட்டையிலிருந்து கழற்றப் போனார், ஊசி மாட்டிக்கொண்டது. அவள் உதவிக்குக் கை நீட்டவில்லை. வேறொரு நாளாக இருந்தால் நீட்டியிருப்பாள்.

போன் அடித்தது. அம்மா.

"என்னாச்சு புள்ள? அப்பா போன எடுக்க மாட்டேங்கறாரு."

"டிரோ."

"அப்பாடா." அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. "நல்லதாப் போச்சு. ரெண்டு பேருக்கும் கருவாடு வறுத்து வச்சிருக்கேன். எந்த பஸ்ல வாறீங்க?"

"அவங்க வருவாங்க. நான் வரலம்மா."

"வரலன்னா? பிந்துமா?"

"குண்டசாலையில ஜஹானா வீட்டுல தங்கப் போறேன். இன்னைக்கு மட்டுமில்ல."

குக்கர் இன்னொரு விசில் அடித்தது. அம்மா அதை இறக்கவில்லை. "அப்ப சோத்துக்கு?" என்றாள் கடைசியில்.

"அங்க சமைப்போம்மா."

"அவங்க ஊட்டுச் சாப்பாடு உனக்கு ஒத்துக்குமா?"

"ஒத்துக்கும்."

"சரி" என்றாள் அம்மா. அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று நிரஞ்சலாவுக்குப் பிடிபடவில்லை. அழப் போகிற சரி மாதிரியும் இருந்தது, 'போ' என்கிற சரி மாதிரியும் இருந்தது. "அயர்ன் பொக்ஸ் எடுத்துட்டுப் போயிட்டதப் பாத்தேன். விடியவே பாத்தேன்" என்றாள். பிறகு போன் துண்டித்தது.

மேடையில் கப்புகளை வரிசையாக வைக்கத் தொடங்கியிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் இரண்டாம் இடத்துக்கு அவள் பெயரைக் கூப்பிடுவார்கள். அவள் ஏறி, தம்பிக்குப் பக்கத்தில் நின்று, போட்டோவுக்குப் பல்லைக் காட்ட வேண்டும். அந்தப் போட்டோவை அப்பா கண்ணாடி போட்டு மாட்டுவார். அது போல வீட்டில் ஏற்கெனவே மூன்று தொங்குகின்றன.

நிரஞ்சலா மேசைக்கடியில் குனிந்து பையை இழுத்தாள்.

"எங்க போற?" என்றார் மூக்கையா. "பரிசு குடுக்கப் போறாங்க. சேர் தேடுவாரு. நிரஞ்சி, இங்க பாரு."

அவள் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். வெள்ளைச் சட்டை, கழற்ற முடியாமல் சாய்ந்து தொங்கிய அட்டை, கையில் சாவிக் கொத்து.

"என் கப்ப நீங்களே வாங்கி வச்சுக்குங்கப்பா" என்றாள். "போறேன்."

பை தோளை அறுத்தது. மண்டபத்தின் நடுவே, மூக்கையா அடுக்கி வைத்த கதிரைகளுக்கு இடையால் நடந்தாள். நடுவரின் மேசையைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும்.

அங்கே யுகேஷ் நின்றுகொண்டிருந்தான். சாம்பியனை மேடையில் தேடிக்கொண்டிருந்தார்கள். அவனோ இங்கே, நவரட்ணராஜாவுக்கு முன்னால், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"சேர்" என்றான். "ஒரு விஷயம் சொல்லணும்."

நடுவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன தம்பி? சொல்லும்."

யுகேஷ் தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தான். மண்டபத்தின் மறுபக்கம் சாவிக் கொத்து தரையில் விழுகிற சத்தம் கேட்டது.

அவன் என்ன சொல்லப் போகிறான் என்று அவளுக்கு ஒரு ஊகம் இருந்தது. அப்படியே சொன்னால் அந்த ஒரே இடம் யாருக்குப் போகும், அப்பாவின் சொத்தான அந்த ஒரே வாக்கியத்துக்கு என்ன ஆகும் என்றெல்லாம் நின்று கேட்டால் தெரிந்துகொள்ளலாம்.

அவள் நிற்கவில்லை. அவன் எதைச் சொன்னாலும் அது அவனும் அப்பாவும் ஆடவேண்டிய ஆட்டம். அவளுடையது ஏழாவது நகர்வுக்கு முன்னாலேயே முடிந்திருந்தது.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. ஜஹானா குடையை விரித்துக்கொண்டே, "திகன பஸ் வருது, ஓடு" என்றாள்.

நிரஞ்சலா ஓடவில்லை. நடந்தே போய் ஏறினாள்.